விடுவிக்கப்படும்

அந்த நிறுவனம் ஊரார் கோப்புகளை வாங்கித் தன் கிடங்கில் வைத்துப் பாதுகாக்கும். கிடங்குக்கு மேகம் என்று பெயர். உண்மையில் அது ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாமல், எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு கட்டடம். அந்த மேகத்தில் ஒன்றை வைக்க, எடுக்க, தூக்கிப் போட வெளியார் மென்பொருள்கள் அனுப்பும் கட்டளைகளுக்கு ஏபிஐ என்று பெயர். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று விளக்கும் பக்கங்களுக்கு டாக்ஸ் என்று பெயர். அவற்றைப் பராமரிப்பது டாக்ஸ் அக்காவின் வேலை.

டாக்ஸ் என்றால் என்னவென்று வாசல் காவலருக்கு நெடுநாள் பிடிபடவில்லை. முதலில் அவள் வரி கட்டும் பிரிவு என்று நினைத்தார். அது இல்லை என்று யாரோ சொன்ன பிறகு, நாய்களை எந்த மாடியில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விளக்கம் எழுதுகிற வேலை என்று அவளே சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. என்ன தப்புச் செய்தாய், விளக்கம் எழுதச் சொல்லுகிறார்கள் என்று பரிவோடு விசாரித்தார்.

ஒரு மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. உதவிப் பிரிவிலிருந்து கைமாறிக் கைமாறி, எங்கும் இறங்க இடமில்லாமல் அவளிடம் வந்து விழுந்த அழைப்பு. பேசியவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசப் பழக்குகிறவர். இரண்டே அறைகள் கொண்ட சின்ன மையம். ஒவ்வொருவரும் முதல் நாள் முனகியதிலிருந்து கடைசியில் பேசியது வரை பதிவு செய்து இந்த நிறுவனத்தின் மேகத்தில், ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அங்கே பெட்டி என்றுதான் பெயர்.

பழைய பெட்டியை விட்டுப் புதுப் பெட்டிக்கு மாறும் வேலையை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டான். வங்கி ஒன்றில் மென்பொருள் எழுதுகிறவன், நிதானமானவன். கட்டளையை அனுப்பும் முன் விளக்கப் பக்கத்தைப் படித்தான். அதில், 'பெட்டியை நீக்கும்போது அதிலுள்ள கோப்புகள் விடுவிக்கப்படும்' என்று இருந்தது. பெட்டி போகும், கோப்புகள் வெளியே வந்து நிற்கும், எடுத்துப் புதுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று அவன் புரிந்துகொண்டான். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். பெட்டியை நீக்கினான். 'கோப்புகள் வெற்றிகரமாக விடுவிக்கப்பட்டன' என்று திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது.

"விடுவிச்சாச்சுன்னு வந்துச்சுங்க," என்றார் பயிற்சியாளர். "எங்க விட்டீங்கன்னு சொன்னீங்கன்னா நான் போய் எடுத்துக்குவேன்."

டாக்ஸ் அக்காவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் காற்புள்ளி திருத்தியிருக்கிறாள். ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்திருக்கிறாள். வாக்கியம் அவள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்; அதை எழுதியதற்காக அல்ல, வேறு இடத்தில் நல்ல சம்பளம் கிடைத்ததால். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அந்தக் கட்டளைக்கு மூலநிரல் எழுதிய பொறியாளரை எல்லோரும் மூலவர் என்பார்கள். கண்ணாடி அறையில், காதை மூடிய ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். அக்கா கண்ணாடியைத் தட்டி, கையசைத்து, கடைசியில் விளக்கை அணைத்துப் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். விடுவிக்கப்படும் என்றால் என்ன என்று கேட்டாள். இடம் விடுவிக்கப்படும் என்றார். கோப்பு என்ன ஆகும் என்றாள்.

"இடம் காலியாகணும்னா கோப்பு அங்க இருக்க முடியாதில்ல."

"அப்ப அழிஞ்சிடும்."

"அழிஞ்சிடும்னு சொல்ல முடியாது. இல்லாம போயிடும்."

திரும்ப எடுக்க வழியுண்டா என்று கேட்டாள். அவர் சிரித்தார். நிரலைப் படித்தால் இதெல்லாம் தானே தெரியும், எதற்கு விளக்கப் பக்கம் என்று நெடுநாளாகத் தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

அக்கா தன் இடத்துக்கு வந்து வாக்கியத்தை மாற்றினாள். 'பெட்டியை நீக்கினால் அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். அவற்றை மீட்க முடியாது.' டப்பாவில் சோறு இன்னும் ஆறவில்லை. திருத்தம் தெளிவு மன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று திரை சொன்னது. பயிற்சியாளரிடம் பதில் சொல்லலாமா என்று உதவிப் பிரிவைக் கேட்டாள். மன்றம் வாக்கியத்தை முடிவு செய்யும்வரை அந்த வாக்கியத்தின் பொருள் நிலுவையில் இருப்பதாகவும், நிலுவையில் உள்ள பொருளை வெளியாருக்குச் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்றும் பதில் வந்தது. அழைப்பு வந்தால் அவள் காது கொடுத்துக் கேட்கலாம், அதற்குத் தடையில்லை.

விளக்கப் பக்கங்கள் புரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் ஓயாமல் புகார் செய்ததால் உண்டாக்கப்பட்டது தெளிவு மன்றம். அது வந்த பிறகு புகார்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. புகார்களும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும் என்றும் மன்றம் போட்ட முதல் விதியே காரணம்.

கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று, 'தெளிவே நோக்கம், நோக்கமே தெளிவு' என்று உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு புதிய வாக்கியத்தை மூன்று பேர் உரக்கப் படித்தார்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், தெரிந்துகொள்ளக் கூடாதவர் ஒருவர். மூன்றாமவர் நிறுவனத்தின் வக்கீல். படித்து முடித்ததும் தொனி அலுவலர் கண்ணை மூடிக்கொண்டார். 'அழிந்துவிடும்' என்ற சொல் தன் காதைக் கீறுகிறது என்றார். காலையில் காபிக் கோப்பையோடு உட்காரும் வாடிக்கையாளர் முதலில் பார்க்கிற சொல் இதுவாகவா இருக்க வேண்டும் என்று வருந்தினார். கோப்பு போவது ஒரு நாள் துக்கம், கடுமையான சொல்லோ பக்கத்திலேயே நிலைத்திருக்கும் என்பது அவர் கருத்து.

வக்கீல் விஷயத்தை இன்னும் ஆழமாகப் பார்த்தார். அழிந்துவிடும் என்றால் யாரோ அழிக்கிறார்கள். அந்த யாரோ நாம். விடுவிக்கப்படும் என்றால் அவை தம் விருப்பத்துக்குப் போகின்றன. அதோடு அவர் ஒரு கோட்பாட்டையும் விளக்கினார்.

"இன்னைக்குத் தெளிவா எழுதினோம்னா, நேத்து வரைக்கும் தெளிவா எழுதலைன்னு நாமே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. யாருக்கும் பாதிப்பு வராத வாக்கியத்தை எவ்வளவு வேணா மேம்படுத்துங்க. பாதிப்பு வந்த வாக்கியத்துல மட்டும் கை வைக்காதீங்க."

இது எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. மன்றத்தில் அன்று சட்டென்று புரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

மன்றத்தின் தலைவருக்குத் தலைமைத் தெளிவு அதிகாரி என்று பதவிப் பெயர். மென்மையாகப் பேசுவார், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். அக்காவின் ஆர்வத்தைப் பாராட்டினார். பிறகு, விடுவிப்பு என்ற சொல்லில் தனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்றார்.

"போன வருஷம் அத்தனை பேரைப் பணியிலிருந்து விடுவிச்சோம். எங்க போனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் யாராவது கேட்டாங்களா? கேக்கல. ஏன்? சொல் அவ்வளவு தெளிவா இருக்கு."

ஆனாலும் ஐயம் எழுந்துவிட்டதால் அதைத் தீர்க்க ஒரு துணைக் குழு அமைத்தார். குழு கூடிக் கூடிப் பேசி, இரண்டு வாரத்தில் ஒரு சொற்பொருள் விளக்கம் தயாரித்தது. 'விடுவித்தல்: விடுவிக்கும் செயல். விடுவிக்கப்பட்டவை என்பதையும் காண்க.' அதன் கீழே: 'விடுவிக்கப்பட்டவை: விடுவித்தலுக்கு உள்ளானவை. விடுவித்தல் என்பதையும் காண்க.' இதைப் பக்கத்தில் ஏற்றினார்கள். வாசகர்கள் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்ததால் அந்தப் பக்கத்தில் ஆட்கள் செலவிடும் நேரம் பல மடங்கானது. ஈடுபாடு பெருகியிருப்பதாகத் தலைவர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இதற்கிடையில் பயிற்சியாளர் வாரம் தவறாமல் கூப்பிட்டார். அக்காவின் நேரடி எண்ணை எப்படியோ பிடித்திருந்தார். சத்தம் போட மாட்டார்; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பெண்ணுக்கு அலுவலகம் காதை மட்டும் அனுமதித்திருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மூன்று அழைப்புகளில் கதை முழுவதும் வந்துவிட்டது.

மையத்துக்கு ஒரு பெரியவர் வருகிறார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிதான் அங்கே பயிற்சிக்கு வந்தவர். பேச்சு முழுதாகப் போயிருந்தது. பல மாதம் வெறும் ஒலிகள். பிறகு ஒற்றைச் சொற்கள். ஒரு நாள், பயிற்சி முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, முழு வாக்கியமாக, 'விளக்கை அணைச்சிட்டு வாங்க' என்றாராம். கல்யாணமான நாளிலிருந்து தினமும் புருஷனிடம் சொன்ன வாக்கியம். கருவி ஓடிக்கொண்டிருந்ததால் பதிவாகிவிட்டது. அதன் பிறகு அந்த அம்மா ரொம்ப நாள் இருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பின் பெரியவர் அதைக் கேட்க வந்தார். பதிவு விடுவிக்கப்பட்டிருக்கிறது, எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். சரி, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர், வாரா வாரம் வந்து வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

பயிற்சியாளருக்குத் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. சரியாகப் படித்துத்தான் செய்தேன் என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை. படித்துச் செய்தவன் எங்கே வைத்தான் என்று சொல்ல மாட்டானா என்பது அவர் கேள்வி.

அக்கா தலைவரைத் தனியாகப் பார்த்து, பெரியவரின் கதையைச் சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டார். நிஜமாகவே கலங்கிவிட்டார், கைக்குட்டையை எடுத்தார். இந்த மாதிரி மனிதர்களுக்காகத்தான் பொன்நிலைத் திட்டம் இருக்கிறது என்றார். பொன்நிலையில் சேர்ந்து மாதச் சந்தா கட்டினால், வாக்கியங்களின் பொருளை ஓர் ஆலோசகர் தொலைபேசியில் சொல்வார்.

"அவங்ககிட்ட 'அழிஞ்சிடும்'னு பளிச்சுனு சொல்லிடறோம். ஒளிவு மறைவே கிடையாது. ஆனா அதையே பக்கத்துல இலவசமாப் போட்டுட்டா தெளிவுக்கு என்னம்மா மதிப்பு இருக்கும்?"

அடுத்து வாசகர் சோதனை நடந்தது. தெருவில் போன ஆட்களைக் கூட்டி வந்து, பழைய வாக்கியத்தைக் காட்டி, புரிகிறதா என்று கேட்டார்கள். புரிகிறது என்றவர்களை என்ன புரிந்தது என்று கேட்கவில்லை. அது அவர்கள் அந்தரங்கம். புரியவில்லை என்றவர்களைத் தகுதியற்ற வாசகர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கும் புரிந்திருந்தது. பிறகு தெளிவைத் தானாக அளக்கும் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அது சொற்களை எண்ணி, நீளத்தைப் பார்த்து மதிப்பெண் போடும். அக்காவின் வாக்கியத்துக்கு நாற்பது கிடைத்தது. பழைய வாக்கியத்துக்கு அறுபது. மூலவர் விளையாட்டாக ஒரு வெற்றுப் பக்கத்தை உள்ளே அனுப்பினார். அது முழு மதிப்பெண் வாங்கியது. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அக்காவின் கணவன் வேலையில்லாமல் இருந்தான். அவன் மேற்பார்வையாளராக இருந்த பட்டறையை மூடிவிட்டார்கள். வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அவள் சம்பளத்தில்தான் நடந்தன. சாப்பிடும்போது அவள் நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தைக்காக யாராவது வேலையைப் பணயம் வைப்பார்களா, விட்டுத் தொலை என்றான். அவள் தட்டைக் கழுவப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அந்தப் பெரியவர்கிட்ட யாராவது சொல்லித்தானே ஆகணும்," என்றான். சொன்னதும் தான் சொன்னது பிடிக்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மன்றம் தெளிவு வாரம் கொண்டாடத் தீர்மானித்தது. எல்லோருக்கும் 'நான் தெளிவு' என்று எழுதிய பனியன் கொடுத்தார்கள். கண்காட்சி அரங்கு வைக்க இடம் போதாததால் அக்காவின் மேசையைப் பிரிண்டர் அறைக்குள் தள்ளினார்கள். அங்கேதான், காகிதக் கட்டுகளுக்கு நடுவில், பயிற்சியாளரின் அழைப்பு மறுபடி வந்தது. தரத்தை மேம்படுத்த இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று வழக்கமான குரல் முதலில் சொல்லி முடித்தது. பெரியவருக்கு உடம்பு சரியில்லை, ஆனாலும் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று பயிற்சியாளர் சொன்னார். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டார்.

டாக்ஸ் அக்கா பிரிண்டரை அணைத்தாள். சத்தம் நின்றது.

"அழிஞ்சிடுச்சுங்க," என்றாள். "எல்லாமே. திரும்ப வராது. உங்க தம்பி சரியாத்தான் படிச்சிருக்காரு. எங்க பக்கத்துல எழுதியிருந்தது தப்பு."

பயிற்சியாளர், "உங்களுக்கு இது எப்பத்திலிருந்து தெரியும்?" என்றார்.

"நீங்க முதல்ல கூப்பிட்ட அன்னைக்கே."

"அவரு இத்தனை வாரமா வந்து வந்து போறாரேம்மா."

நாற்காலி நகரும் ஒலியும், கதவு திறக்கும் ஒலியும் கேட்டன. பயிற்சியாளர் யாரையோ, ஐயா என்று கூப்பிட்டார். அதோடு தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

உரையாடலின் பதிவு பத்திரமாக இருந்தது. ஊழியர் அழைப்புகளை நிறுவனம் தன் மேகத்தில் யாராலும் நீக்க முடியாத பெட்டியில், வெவ்வேறு நாடுகளில் ஒவ்வொரு பிரதியாக வைத்திருந்தது. மறுநாள் மன்றத்தில் அதைப் போட்டுக் கேட்டார்கள். ஒலி துல்லியமாக இருந்தது. அக்கா எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. வக்கீல் வாக்குமூலங்களை விரல்விட்டு எண்ணி, ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போனார். தொனி அலுவலர், குரலில் இருந்த வருத்தம் நிறுவனத்தின் குரலுக்குப் பொருந்தவில்லை என்றார். வருத்தம் உண்டென்றால் அதற்குக் காரணமும் உண்டென்று கேட்பவர் நினைத்துவிடுவார் என்பது அவர் கவலை. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் எப்படிப் பேசக் கூடாது என்று காட்ட இந்தப் பதிவைப் பயன்படுத்தலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது.

வேலை போய்விட்டது என்றே அக்கா நினைத்திருந்தாள். கைப்பையில் தன் டப்பாவையும் பேனாக்களையும் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்திருந்தாள். தலைவர் அவளை அன்போடு பார்த்தார்.

"உங்களை நாங்க அனுப்ப மாட்டோம்மா. அனுப்பினா வெளியில போய் இதே மாதிரிப் பேசுவீங்க. இங்கயே இருங்க."

தெளிவு வாரத்தின் கடைசி நாளில் புதிய வாக்கியம் மேடையில் திரை விலக்கிக் காட்டப்பட்டது. பழைய வாக்கியம் நின்ற இடத்தில் இப்போது, 'உங்கள் கோப்புகளின் பயணத்தில் நாங்கள் எப்போதும் உடனிருக்கிறோம்' என்று இருந்தது. அளவு மென்பொருள் அதற்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தது. வெற்றுப் பக்கத்துக்கு அடுத்தபடியாக நிறுவன வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் இதுதான் என்று தலைவர் அறிவித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மூலவரும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கைதட்டினார்.

அக்காவை வாடிக்கையாளர் அமைதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. சம்பளம் குறையவில்லை என்பதை வீட்டில் முதலில் சொன்னாள். கணவன் வேறெதுவும் கேட்கவில்லை. அமைதிப் பிரிவில் தடுப்பு வைத்த சிறு சிறு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு தொலைபேசி. பெட்டியை நீக்கிவிட்டுக் கோப்பு எங்கே என்று கேட்டவர்கள் ஒரு பயிற்சியாளர் மட்டும் அல்ல. அத்தனை பேரையும் இப்போது நிறுவனமே வலியக் கூப்பிட்டுப் பேசும். என்ன பேசுவது என்று வக்கீலும் தொனி அலுவலரும் சேர்ந்து ஒரு வாக்கியம் எழுதித் திரையில் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு சொல்லும் கிடையாது, கீழே ஒரு சொல்லும் கிடையாது. மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

முதல் எண் ஒரு கல்யாணப் புகைப்படக்காரருடையது. மணியடித்ததுமே எடுத்துவிட்டார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னவுடன், சொல்லுங்க, சொல்லுங்க என்று அவசரப்பட்டார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. கொஞ்சம் தூக்கேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார். எத்தனையோ கல்யாணம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் கடை வாசலில் வந்து கத்துகிறார்கள் என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். மேற்பார்வையாளரின் காலடி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"உங்க கோப்புகள் எல்லாம் எங்க கவனத்துல இருக்கு," என்று திரையைப் பார்த்துப் படித்தாள். "நீங்க நிம்மதியா இருக்கலாம்."

புகைப்படக்காரர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். இத்தனை நாள் அந்த நிறுவனத்தில் யாரைக் கேட்டாலும் சுற்றி வளைத்துத்தான் பேசினார்களாம்.

"உங்களை மாதிரி இவ்வளவு தெளிவா யாருமே சொல்லலைம்மா," என்றார்.